பழைய காரின் சக்கரக் கோணங்களை வீட்டிலேயே அளப்பது எப்படி?

கேள்வி இது: அறுபதுகளில் வந்த ஒரு காரின் முன்பக்க சஸ்பென்ஷனை முழுவதும் பிரித்து, புஷ் (மூட்டுகளில் உள்ள ரப்பர் உறை), பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), டை ராட் (சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் தண்டு) முனைகள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுச் சேர்த்தாகிவிட்டது, இனி கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) ஆகிய கோணங்களை வீட்டுக் கொட்டகையிலேயே நம்பத்தக்க அளவுக்கு அளந்துவிட முடியுமா, அல்லது கணினி அலைன்மென்ட் இயந்திரம் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டுமா?

வீட்டிலேயே முடியும். பழைய கார்களைப் பொறுத்தவரை பல நேரங்களில் வீட்டு அளவே மேலானது என்பது என் உறுதியான கருத்து. இயந்திரம் தவறாக அளக்கிறது என்பதல்ல காரணம். அவசரமில்லாமல் ஒரே அளவை மூன்று முறை எடுக்கவும், கையேட்டில் உள்ள எண் எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று யோசிக்கவும் காரின் சொந்தக்காரருக்குத்தான் பொறுமை இருக்கும். விலை உயர்ந்த கருவி தரும் துல்லியத்தை விட, அளவின் அடிப்படையைச் சரியாக அமைத்துக்கொள்வதும், பிழை தானே கழிந்துபோகும்படி ஒவ்வொரு அளவையும் இரண்டு எதிரெதிர் நிலைகளில் எடுப்பதும் தரும் துல்லியம் அதிகம். கீழே சொல்லப்போகும் எல்லா முறைகளும் இந்த ஒரே கொள்கையில்தான் நிற்கின்றன.

அளவுக்கு முன் காரைப் பார்க்க வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிங்பின்னிலோ (சக்கரம் இடவலம் திரும்பும் தண்டு) வீல் பேரிங்கிலோ டை ராட் முனையிலோ ஆட்டம் இருந்தால், அளந்து கிடைக்கும் எண் அந்த நொடியில் சக்கரம் எங்கே நின்றது என்பதை மட்டும்தான் சொல்லும். டயர்களின் காற்றழுத்தம் இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் கேம்பரும் காஸ்டரும் அதற்கேற்ப மாறிவிடும் என்பதால், வண்டி நிற்கும் உயரத்தை நான்கு மூலைகளிலும் அளந்து கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்வது அவசியம். சில தயாரிப்பாளர்கள் காலி வண்டிக்கும், வேறு சிலர் இருக்கைகளில் குறிப்பிட்ட எடை வைத்த வண்டிக்கும் எண்களைக் கொடுத்திருக்கிறார்கள். எடை வைக்கச் சொல்லியிருந்தால் மணல் மூட்டைகளை வைத்தே அளக்க வேண்டும். புது ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கியிருந்தால், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு அவற்றைத் தளர்த்தி மீண்டும் முறுக்குங்கள். இல்லையெனில் முறுகிய ரப்பர் வண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது தரை. கேம்பரும் காஸ்டரும் புவியீர்ப்பின் செங்குத்தை வைத்து அளக்கப்படுவதால், தரையின் சாய்வு அப்படியே அளவில் ஏறிவிடும். முன்சக்கரங்களுக்கு இடையே 1300 மி.மீ. அகலம் இருக்கும் காரில் ஒரு பக்கத் தரை 5 மி.மீ. தாழ்ந்திருந்தால், ஒரு சக்கரத்தின் கேம்பரில் 0.22 பாகை கூடும், மறு சக்கரத்தில் அதே அளவு குறையும். முன்னும் பின்னும் உள்ள உயர வேறுபாடு காஸ்டரைப் பாதிக்கும்: சக்கர இடைவெளி 2400 மி.மீ. உள்ள காரில் 10 மி.மீ. வேறுபாடு ஏறத்தாழ கால் பாகைக்குச் சமம். ஆகவே நான்கு டயர்களும் நிற்கப்போகும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து, கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிரப்பிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயால் நான்கின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமலும் இரு முனைகளும் திறந்தும் இருந்தால், இவ்வளவு நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை இது பிசகாது. தாழ்ந்த இடங்களில் மெல்லிய ஒட்டுப்பலகையையோ வினைல் தரைத் துண்டுகளையோ அடுக்கிச் சமப்படுத்திவிட்டு, அந்த இடங்களை நிரந்தரமாகப் பெயின்டால் குறித்துவைத்தால் அடுத்த முறை இந்த வேலை மிச்சம்.

சக்கரத்தை ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்கக் கூடாது. டயர் தரையைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் நகர மறுப்பதால், சஸ்பென்ஷன் தன் இயல்பான நிலைக்கு இறங்காமல் நிற்கும். வண்டியைச் சில மீட்டர் முன்னோக்கி உருட்டி, பம்பரை அழுத்தி விட்டால் அது அமர்ந்துவிடும். இன்னும் நல்ல வழி, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் கீழே, இடையில் கிரீஸ் தடவிய இரண்டு அலுமினியத் தகடுகளை வைப்பது. காஸ்டர் அளக்கும்போது சக்கரத்தைத் திருப்ப இந்தத் தகடுகள் எப்படியும் தேவைப்படும். தகடுகளின் தடிமனுக்குச் சமமாகப் பின்சக்கரங்களுக்குக் கீழேயும் ஏதாவது வைக்க மறக்க வேண்டாம்.

கேம்பர்தான் மூன்றிலும் எளிது. சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ், உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். ரிம்மின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மட்டும் தொடும்படி ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அதன் மீது 0.1 பாகை வரை காட்டும் டிஜிட்டல் கோணமானியை ஒட்டவைத்துப் படிக்கலாம். டயரின் பக்கச்சுவர் தரைக்கு அருகே பிதுங்கியிருக்கும் என்பதால் சட்டம் டயரைத் தொடக் கூடாது. தொடாமல் நிற்க, சட்டத்தில் இரண்டு போல்ட்டுகளைப் பொருத்திக்கொள்ளுங்கள். கோணமானியையும் சோதித்தாக வேண்டும்: ஒரு மேசை மீது வைத்து எண்ணைப் படித்து, அதே இடத்தில் 180 பாகை திருப்பி வைத்துப் படித்தால், இரண்டும் சம அளவில் எதிர்க்குறியோடு வர வேண்டும். வராவிட்டால் இரண்டின் கூட்டலில் பாதி அந்தக் கருவியின் சொந்தப் பிழை. கைப்பேசியில் உள்ள மட்டச் செயலியும் நேர்ச்சட்டத்தில் உறுதியாகக் கட்டி இந்தச் சோதனையைச் செய்தால் பயன்படும்.

கோணமானியே இல்லாவிட்டாலும் தூக்குக்குண்டு போதும். சக்கரத்தின் வெளிப்பக்கம் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரங்களை அளந்து, அவற்றின் வித்தியாசத்தை இரு விளிம்புகளுக்கும் இடையே உள்ள உயரத்தால் வகுத்து 57.3 ஆல் பெருக்கினால் பாகை கிடைக்கும். விளிம்புகளுக்கு இடையே 380 மி.மீ., வித்தியாசம் 5 மி.மீ. என்றால் கேம்பர் 0.75 பாகை. மேல் தூரம் அதிகமாக இருந்தால் அது நெகட்டிவ்.

எந்த முறையில் அளந்தாலும், ரிம்மின் கோணல் அளவில் கலந்திருக்கும். பழைய ஸ்டீல் ரிம்களிலும், குறிப்பாகக் கம்பி ஆரங்கள் கொண்ட சக்கரங்களிலும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கோணல் இருப்பது சாதாரணம். அதுவே கால் பாகையைப் புரட்டிவிடும். இதற்குப் பரிகாரம் எளியது. முதலில் ஒரு அளவு எடுத்து, வண்டியைச் சக்கரம் சரியாக அரைச் சுற்று சுற்றும்வரை உருட்டி மீண்டும் ஒரு அளவு எடுத்து, இரண்டின் சராசரியைக் கொள்ளுங்கள். கோணல் ஒருமுறை கூட்டியதை மறுமுறை கழித்துவிடும்.

காஸ்டரைத்தான் பலரும் வீட்டில் அளக்க முடியாது என்று நினைக்கிறார்கள். சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் இது. பால் ஜாயின்ட் உள்ள காரில் அந்த அச்சு கண்ணுக்கே தெரியாத கோடு. ஆனால் அது சாய்ந்திருப்பதால்தான் சக்கரத்தைத் திருப்பும்போது கேம்பர் மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்தால் காஸ்டர் வெளிப்பட்டுவிடும். சக்கரத்தின் முன்பக்கத்தை 20 பாகை வெளிப்புறமாகத் திருப்பிக் கேம்பரைப் படியுங்கள். பிறகு 20 பாகை உட்புறமாகத் திருப்பிப் படியுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து 1.46 ஆல் பெருக்கினால் காஸ்டர். வெளியே +2.4 பாகை, உள்ளே −1.2 பாகை என்றால் வித்தியாசம் 3.6, காஸ்டர் 5.3 பாகைக்குச் சற்றுக் குறைவு. அந்த 1.46 என்பது, 20 பாகையின் சைன் மதிப்பை இரட்டித்து, அதனால் ஒன்றை வகுத்த எண். ஸ்டீயரிங் அவ்வளவு திரும்பாத காரில் 15 பாகையில் அளந்து 1.93 ஆல் பெருக்கலாம். ஆனால் வித்தியாசம் சிறிதாவதால், படிப்பதில் நேரும் பிழையும் அதே விகிதத்தில் பெருகும்.

20 பாகையைத் தரையிலேயே வரைந்துகொள்ளலாம். சக்கரம் நேராக இருக்கும்போது அதன் பக்கத்தை ஒட்டிய நேர்ச்சட்டத்தின் திசையில் ஒரு கோடு போட்டு, அதில் 1000 மி.மீ. தூரத்தில் செங்குத்தாக 364 மி.மீ. தள்ளி ஒரு புள்ளி வைத்துத் தொடக்கப் புள்ளியோடு இணைத்தால் 20 பாகைக் கோடு வந்துவிடும். சக்கரத்தைத் திருப்பிய பின் சட்டம் இந்தக் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். இடப்பக்கச் சக்கரத்துக்கு அதன் சொந்தக் கோணமும் வலப்பக்கத்துக்கு அதன் சொந்தக் கோணமும் 20 பாகையாக இருக்க வேண்டுமே தவிர, ஒன்றைத் திருப்பி இரண்டையும் படிக்கக் கூடாது. வளைவில் உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தை விட அதிகமாகத் திரும்பும்படியே இந்த இணைப்புகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. 1818-இல் ருடால்ஃப் ஆக்கர்மான் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. திருப்பும்போது வண்டி உருளாதிருக்க பிரேக் மிதியைக் கட்டையால் அழுத்தி வைத்துவிடுங்கள். முன்பக்கம் ஒரே இரும்பு அச்சும் லீஃப் ஸ்பிரிங்கும் கொண்ட இன்னும் பழைய கார்களில், அச்சின் மீது ஸ்பிரிங் அமரும் சமதளத்தில் கோணமானியை வைத்துப் பார்ப்பது நல்ல குறுக்குச் சோதனை.

டோ அளவுக்கு வருவோம். டயர் தேய்வை மற்ற இரண்டையும் விட அதிகமாகத் தீர்மானிப்பது இதுதான். அதிகக் குழப்பம் நிகழ்வதும் இங்கேதான். குழப்பத்தின் வேர், பழைய கையேடுகள் இதைக் கோணமாகச் சொல்லாமல் அங்குலப் பின்னமாகவோ மில்லிமீட்டராகவோ சொல்வது. இரு சக்கரங்களுக்கும் நடுவே முன்னே உள்ள இடைவெளிக்கும் பின்னே உள்ள இடைவெளிக்கும் இடையிலான அந்த வித்தியாசம், எந்த விட்டத்தில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். ரிம் விளிம்பில், 380 மி.மீ. விட்டத்தில், 3 மி.மீ. என்றால் கோணம் 0.45 பாகை. அதே கோணத்தை 600 மி.மீ. விட்டமுள்ள டயரின் பரப்பில் அளந்தால் 4.7 மி.மீ. வரும். ரிம்முக்குச் சொன்ன 3 மி.மீ.யை டயர் பரப்பில் வைத்துவிட்டு, கையேட்டின்படியே செய்தோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். எனவே கையேடு எங்கே அளக்கச் சொல்கிறது என்று பார்த்து, அதைப் பாகையாக மாற்றி எழுதிக்கொண்டு, பிறகு உங்கள் வசதிக்கேற்ற விட்டத்தில் அளங்கள். கூடவே இன்னொன்று: கையேட்டில் 1 பாகை 15 நிமிடம் என்றிருந்தால் அது டிஜிட்டல் கருவியில் 1.25, 1.15 அல்ல.

ரிம்மின் கோணலை முற்றிலும் ஒதுக்கிவிடும் அழகான பழைய முறை ஒன்று உண்டு. முன்சக்கரங்களைத் தூக்கி, டயரின் தரைபடும் பரப்பின் நடுவில் சுற்றிலும் சுண்ணம் பூசி, தரையில் அசையாமல் வைத்த ஒரு கட்டையில் அடித்த ஆணியின் முனையை அதில் படவைத்துச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். ரிம் எவ்வளவு கோணலாக இருந்தாலும், ஆணி கீறும் கோடு சக்கரத்தின் சுழலச்சுக்குச் செங்குத்தான தளத்திலேயே அமையும். இரண்டு டயர்களிலும் கோடு போட்டு, இறக்கி, முன்னோக்கி உருட்டி, ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) உயரத்தில் கோட்டிலிருந்து கோட்டுக்கு முன்னே ஒரு அளவும் பின்னே ஒரு அளவும் எடுத்தால் மொத்த டோ கிடைத்துவிடும். பின்பக்க அளவுக்கு எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி குறுக்கே வரும். அளவுநாடாவை அதன் அடியில் தாழ்த்திப் பிடிப்பதைவிட, ஒரு நீண்ட மரச்சட்டத்தின் இரு முனைகளிலும் ஹப் உயரத்துக்கு நிமிர்ந்த முள்களைப் பொருத்தி, அதைக் காரின் அடியில் செலுத்தி இடைவெளியை எடுப்பது சரியாக வரும். அளவுக்கு முன் வண்டியைப் பின்னோக்கி உருட்டக் கூடாது. மூட்டுகளில் உள்ள சிறு ஆட்டம் ஓட்டத்தின்போது எந்தப் பக்கம் ஒதுங்குமோ அந்தப் பக்கமே ஒதுங்கியிருக்க வேண்டும்.

இந்த முறை மொத்தத்தைத் தரும். ஆனால் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களோடு நேராக நிற்கின்றனவா என்று சொல்லாது. அதற்கு நூல் கட்ட வேண்டும். காரின் முன்னும் பின்னும் ஒரு குறுக்குச் சட்டம் வைத்து, இரண்டிலும் ஒரே இடைவெளியில் வெட்டிய காடிகளில் நைலான் நூலை இறுக்கிக் கட்டினால், இருபுற நூல்களும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும். பிறகு சட்டங்களை நகர்த்தி, முன் ஹப் மையத்திலிருந்து நூலுக்குள்ள தூரம் இடமும் வலமும் சமமாகவும், பின் ஹப்பிலும் அவ்வாறே சமமாகவும் வரச் செய்யுங்கள். முன் ஹப்பின் தூரமும் பின் ஹப்பின் தூரமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. பெரும்பாலான கார்களில் முன்சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் வேறு வேறு. ஒரு பக்க நூலை முன் ரிம்முக்கும் பின் ரிம்முக்கும் சமமாக வைத்துவிட்டு அளப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். இறக்கை நட்டு கொண்ட கம்பிச் சக்கரங்களில் நட்டு வெளியே நீண்டிருப்பதால் நூலை அதற்கும் அப்பால் தள்ளிக் கட்டுங்கள்.

நூல் அமைந்த பின், ஒவ்வொரு ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஸ்டீல் அளவுகோலால் அரை மில்லிமீட்டர் வரை படித்தால் நான்கு சக்கரங்களின் தனித்தனி டோ கிடைக்கும். இங்கும் அரைச் சுற்று உருட்டிச் சராசரி எடுப்பது கட்டாயம். ஒரே உருளையாலான பின்னச்சு கொண்ட காரில், பின்சக்கரம் ஒன்று உள்ளே பார்த்தும் மற்றது அதே அளவு வெளியே பார்த்தும் நின்றால், அச்சே கோணலாக அமர்ந்திருக்கிறது என்று பொருள். லீஃப் ஸ்பிரிங்கின் நடு போல்ட் உடைந்திருக்கலாம், புஷ் நைந்திருக்கலாம். முதலில் அதைத் திருத்தாமல் முன்பக்கத்தைத் தொடுவது வீண்.

கிடைத்த எண்களை எதோடு ஒப்பிடுவது என்பதிலும் சிந்தனை வேண்டும். பின்சக்கரம் தள்ளும் காரில், உருளும் தடை முன்சக்கரங்களைப் பின்னே தள்ளி வெளிப்புறமாக விரிக்கும் என்பதால் நிற்கும்போது சற்று டோ-இன் (முன் விளிம்புகள் உள்நோக்கி; வெளிநோக்கி இருந்தால் டோ-அவுட்) வைப்பார்கள். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு அது 1.6 முதல் 2.4 மி.மீ. வரை, காஸ்டர் 7 பாகை. 1959-இல் வந்த மினி முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார் என்பதால் அதற்கு முன்னே 1.6 மி.மீ. டோ-அவுட், பின்னே 3.2 மி.மீ. டோ-இன். மேலும், ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் எழுதப்பட்ட பல கையேடுகளின் எண்கள் கிராஸ்-பிளை டயர்களுக்கானவை (உள் இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை). ரேடியல் டயர் போட்டிருந்தால், டோ-இன்னைக் கையேட்டு வரம்பின் குறைந்த பக்கத்தில் வைப்பதும், வரம்புக்குள் பாசிட்டிவ் கேம்பரைக் குறைப்பதும் என் பரிந்துரை. வரம்பைத் தாண்டிச் செல்ல நான் சொல்லமாட்டேன். இரு பக்கமும் சமமாக இருப்பது, சரியான எண்ணை எட்டுவதைப் போலவே முக்கியம். இடத்துக்கும் வலத்துக்கும் கேம்பரிலோ காஸ்டரிலோ அரை பாகைக்கு மேல் வேறுபாடு இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும்.

ஷிம்களாலோ (இடையில் செருகும் மெல்லிய தகடுகள்) எக்சென்ட்ரிக் போல்ட்டாலோ (மையம் விலகிய போல்ட்) திருத்த வசதியுள்ள கார் என்றால் காஸ்டரை முதலிலும், கேம்பரை அடுத்தும், டோவைக் கடைசியிலும் வையுங்கள். முதல் இரண்டில் எதை மாற்றினாலும் டோ மாறும். பல பழைய கார்களில் கேம்பருக்குத் திருத்த வசதியே கிடையாது. அங்கே எண் தவறாக வந்தால் தேய்ந்த புஷ், தளர்ந்த ஸ்பிரிங், வளைந்த பாகம் ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும்.

டோவைத் திருத்தும் முன், ஸ்டீயரிங் பெட்டியை அதன் நடுவில் நிறுத்துங்கள்: ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஸ்டீயரிங் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணி, அதில் பாதி திருப்பி நிறுத்தினால் போதும். பழைய ஸ்டீயரிங் பெட்டிகள் நடுவில்தான் ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும்படி செய்யப்பட்டவை. நடு தவறினால் நேர்ச்சாலையில் வண்டி அலையும். இரு பக்க டை ராட்களையும் சம அளவில் திருப்பி, பூட்டு நட்டுகளை முறுக்கி, முறுக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை அளங்கள், ஏனெனில் முறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடுவது உண்டு. ஓட்டிப் பார்க்கையில் வண்டி நேராகச் சென்றும் ஸ்டீயரிங் சக்கரத்தின் கம்பி சற்றுச் சாய்ந்து நின்றால், ஒரு டை ராடை எவ்வளவு நீட்டுகிறீர்களோ மற்றதை அவ்வளவே குறைத்துவிடுங்கள். மொத்த டோ மாறாமல் ஸ்டீயரிங் சக்கரம் நேராக வந்துவிடும்.